கண்டக்குழியில் தெரிந்த புள்ளி

என் தங்கையின் போனில் அந்தச் செயலிக்கு அனுமதி கொடுத்தது அவளுடைய விரல் அல்ல. அவளுடைய கணவரின் தம்பியின் விரல். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் நடந்த எல்லாவற்றிலும் எல்லோரும் மறந்துபோனது இதைத்தான்.

பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம் அது. என் மச்சான், அதாவது தங்கையின் கணவர், லொறி ஓட்டினார். மாம்புரியிலும் கற்பிட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலும் வெங்காயமும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போவார். எங்கே வரிசையில் மாட்டிக்கொண்டார், எப்போது திரும்புவார் என்று தில்லையடியில் இருந்த வீட்டுக்குத் தெரியாது. ஓடும்போது போன் எடுக்க மாட்டார். எடுத்தாலும் "வந்திட்டிருக்கன்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. சிலாபத்தில் நின்றாலும் அதே பதில்தான், சீதுவையில் நின்றாலும் அதே பதில்தான்.

மச்சானின் தம்பிக்குப் புத்தளம் நகரத்தில் போன் கடை. விற்பார், திருத்துவார், ரீலோட் போடுவார். எங்கள் பகுதியில் பாதிப் பேரின் போனை முதன்முதலில் பெட்டியிலிருந்து எடுத்து, மின்னஞ்சல் முகவரி செய்து, கடவுச்சொல்லும் தானே யோசித்துக் கொடுத்தவர் அவர்தான். கெட்ட மனிதர் அல்ல. உதவி கேட்டால் கடையைப் பூட்டிவிட்டு வருவார். உதவி கேட்காவிட்டாலும் வருவார், அதுதான் தொல்லை.

அந்த வருடம் நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் தங்கையின் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். சாப்பிட்டு முடிந்ததும் அவர் மேசையைத் துடைக்கச் சொன்னார்.

"எல்லாரும் போன இதுல வைங்க. இனி நானா எங்க நிக்கிறாரு எண்டு தவிக்கத் தேவல்ல. மேப்புல தெரியும்." எங்கள் பக்கத்தில் அண்ணனை நானா என்போம்.

"அவரு எங்க எண்டு எனக்குத் தெரிஞ்சா போதும்," என்றாள் தங்கை. "நான் எங்க எண்டு பாக்க என்னா இரிக்கி? நான் அடுப்படியில."

"அதத்தான் பாக்கணும்," என்றார் மச்சான். "சோறு ஆக்குறயா, பக்கத்து வீட்டு வேலியில நிண்டு கதை அளக்கிறயா எண்டு."

எல்லோரும் சிரித்தோம். தங்கைதான் அதிகமாகச் சிரித்தாள். தம்பிக்காரர் ஒவ்வொரு போனாக எடுத்தார். ஒவ்வொன்றிலும் திரை ஒரு கேள்வி கேட்டது: இந்தச் செயலி உங்கள் இருப்பிடத்தை அறியலாமா? பயன்படுத்தும்போது மட்டுமா, எப்போதுமா, வேண்டவே வேண்டாமா? அவர் எல்லாவற்றிலும் 'எப்போதும்' என்பதைத் தொட்டார். அண்ணன், மதினி, உம்மா, தான். ஒரு தோடம்பழம் உரிக்கும் நேரத்தில் வேலை முடிந்தது. என் போனுக்கும் கை நீட்டினார். அது பழைய போன், அதில் இனி எதற்கும் இடமில்லை என்றேன். உண்மையும் அதுதான்.

பயன் இருக்கவில்லை என்று சொன்னால் பொய். புள்ளி சிலாபத்தைத் தாண்டும்போது தங்கை அரிசியைக் கழுவினாள். பாலாவியைத் தாண்டும்போது மீனைப் பொரித்தாள். சோறு சூடாக இருந்தது. யாரும் யாரையும் சந்தேகிக்காத வீட்டில் அந்தப் புள்ளி ஒரு மணிக்கூடு மாதிரி, சும்மா சுவரில் இருந்தது.

அடுத்த வருடம் ஸபர் மாதத்தில் மச்சான் மவுத்தானார். லொறியில் அல்ல. லுஹர் தொழுதுவிட்டு வந்து படுத்தவர், நெஞ்சு அடைக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மச்சான் மையத்தாகத்தான், வெறும் உடலாகத்தான் திரும்பி வந்தார்.

தங்கை இத்தா இருந்தாள். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் அலங்காரம் இல்லாமல், வெளியே போகாமல், அந்த வீட்டிலேயே இருக்கும் காலம் அது. தேவை வந்தால் பகலில் வெளியே போகலாம் என்று சொல்லும் மார்க்க அறிஞர்களும் உண்டு. அவர்களை நான் வாசித்திருக்கிறேன். ஆனால் எங்கள் ஊர் அந்த அளவுக்கு வாசிப்பதில்லை. ஊருக்கு ஒரே விளக்கம்தான்: கதவு சாத்தி இருக்க வேண்டும்.

கதவு சாத்தியிருந்தாலும் வயிறு சாத்தியிருக்காது. தங்கைக்கு ஒரு மகள், படிக்கிறாள். லொறி மச்சானுடையது அல்ல, முதலாளியுடையது. அவருடைய சம்பளம் அவரோடு போயிற்று. மிச்சம் இருந்தது தங்கையின் தையல் மெசின். அவள் திருமணத்துக்கு முன்பிருந்தே தைப்பவள். கண்டக்குழியில் பட்டம் கட்டிக்கொண்டு அலையில் ஓடும் வெள்ளைக்காரருக்காகக் கட்டிய விடுதிகளில் ஒன்று, தன் எல்லா அறைகளுக்கும் ஜன்னல் திரைகளையும் மெத்தை உறைகளையும் தைக்கும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தது. மச்சான் இருக்கும்போதே பேசி முடித்த வேலை. மார்கழியில் காற்றுக் காலம் தொடங்குவதற்கு முன் கொடுக்க வேண்டும். அளவுகள், துணியின் நிறம், முற்பணம், எல்லாம் அவளுடைய போனுக்குத்தான் வரும்.

இந்த இடத்தில் வெளியூர் வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் இத்தாவில் இருக்கும் பெண் வெளியே போவதில்லை, ஆனால் அவளுடைய போன் போகும். வங்கிக்கு யார் போனாலும் அந்தப் போனைக் கொண்டுபோவார்கள், இரகசிய இலக்கம் அதற்குத்தான் வரும். துணிக்கடைக்குப் போகிறவர் கொண்டுபோவார், நிறத்தைப் படம் பிடித்துப் பக்கத்து வீட்டுப் போனுக்கு அனுப்புவார், அவள் அதை வீட்டிலிருந்தே பார்த்து "இது வாணாம், மற்றது" என்பாள். பிள்ளையின் மருந்துச் சிட்டை அதில் இருக்கும். பெண் உள்ளே, போன் ஊரெல்லாம். இதில் யாரும் அதிசயம் காண்பதில்லை. எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஜுமாதல் ஊலா மாதம், ஒரு வியாழக்கிழமை. காலையில் பெய்த மழை விட்டிருந்தது. அன்று பிற்பகல் நகரத்தில் கடைக்குள் இருந்த மச்சானின் தம்பியின் போன் ஒலித்தது. இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது: அந்தச் செயலியில் ஒரு வீட்டைச் சுற்றி வட்டம் போட்டு வைக்கலாம். உள்ளே இருக்கும் போன் வட்டத்தைத் தாண்டினால் வட்டம் போட்டவருக்கு மணி அடிக்கும். அண்ணன் மவுத்தான மறு வாரமே அவர் தன் மதினியின் வீட்டைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை, அஸர் எனும் பின்னேரத் தொழுகைக்குப் பிறகு, இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அவர். மற்றவர் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருக்கும் பெரியவர், மரம் விற்கும் மரக்காலை வைத்திருப்பவர், ஊரில் எல்லோருக்கும் 'ட்ரஸ்டி மாமா'. நான் தற்செயலாக அங்கே இருந்தேன். தங்கை உள்ளறையில், கதவுத் திரைக்குப் பின்னால் இருந்தாள். வாசலில் ஒரு ஸலாம் கேட்டது. பதில் சொல்லி முடிக்கும் முன் இருவரும் கதிரைகளில் இருந்தார்கள்.

"கிளாக்கர், மனம் நோக வாணாம்," என்றார் ட்ரஸ்டி. நான் ஒரு பாடசாலையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன், ஊருக்கு நான் இன்னும் கிளாக்கர்தான். "ஒரு விஷயம் கேள்விப்பட்டம். கேக்காம இரிக்கவும் ஏலா."

"கேள்விப்பட ஒண்டுமில்ல, காட்டுறன்," என்று தம்பிக்காரர் தன் போனை முக்காலியில் வைத்தார்.

முந்தின நாளின் பதிவு. களப்பு நீலமாகத் தெரிந்தது. கற்பிட்டி நிலம் கடலுக்குள் நீட்டிய விரல்போலக் கிடந்தது. கண்டக்குழியில், விடுதியின் பெயருக்குப் பக்கத்தில், என் தங்கையின் சிறிய படத்தோடு ஒரு புள்ளி.

"நேத்து அஸருக்கு முந்தி வெளிக்கிட்டிரிக்கி. பொழுது பட்டு, மஃரிபுக்குப் பிறகுதான் திரும்பி வந்திரிக்கி. வெள்ளைக்காரன் குடிச்சிட்டுக் கிடக்கிற எடம். இத்தாவுல இரிக்கிற பொம்புள!"

"என்ன வெளிக்கிட்டிரிக்கி?" என்று கேட்டேன்.

"மதினி."

"இதுல மதினி எங்க? ஒரு பொட்டு இரிக்கி."

"நானா, நீங்க படிச்ச ஆள். விளையாட வாணாம். போன் எங்கயோ ஆள் அங்க. இது கொம்பியூட்டர், பொய் சொல்லாது."

எனக்கு ஒரே ஒரு வசனம் போதும். அந்த வியாழக்கிழமை பிற்பகல் அந்தப் போன் எங்கே இருந்தது, யாருடைய கையில் இருந்தது, ஏன் இருந்தது என்பது எனக்குத் தெரியும். திகதிகளும் நேரங்களும் என் மனதில் நிற்கும் என்று ஊரே சொல்லும். மவுத்தானவர்களின் ஆண்டுகளை என்னிடம்தான் கேட்பார்கள். அந்த அறையில் என் பேச்சுக்குச் சாட்சி தேவையில்லை. வாயைத் திறந்தேன்.

"நானா, நீங்க கதைக்க வாணாம்."

திரைக்குப் பின்னால் இருந்து வந்தது குரல். உரத்த குரல் அல்ல. மெசினை நிறுத்திவிட்டுப் பேசுகிறவளின் குரல்.

"ட்ரஸ்டி மாமா, நீங்க கேக்கிறதுக்கு முந்தியே சொல்றன். நான் போனயா, போகல்லயா எண்டு சொல்ல மாட்டன்."

ட்ரஸ்டி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

"ஏன் மகள்? போகல்ல எண்டா போகல்ல எண்டு ஒரு வார்த்த சொல்லு. நாங்க எழும்பிப் போறம்."

"இண்டைக்குப் போவீங்க. அடுத்த கெழம தம்பி இன்னொரு பொட்டு கொண்டு வருவாரு. அதுக்கும் சொல்லணும். பிறகு கெணத்தடியில ஏன் இவ்வளவு நேரம் எண்டு கேப்பாரு. அதுக்கும் சொல்லணும். முதல் பொட்டுக்குப் பதில் சொன்னா கடைசிப் பொட்டு வரைக்கும் சொல்லணும் மாமா."

"குத்தம் இல்லாட்டி மறைக்க என்னா இரிக்கி மதினி?" என்றார் தம்பிக்காரர்.

"நீங்க குளிக்கக்குள்ள கதவச் சாத்துறதில்லயா தம்பி? உள்ளுக்கு என்னா குத்தம் செய்றீங்க?"

ட்ரஸ்டிக்குச் சிரிப்பு வந்தது. இருமினார்.

"நான் இத்தா இரிக்கிற அல்லாஹ்வுக்காக," என்றாள் தங்கை. "என்ட மாப்பிள்ளைக்காக. ஒங்கட போனுக்காக இல்ல."

தம்பிக்காரரின் முகம் சிவந்தது. "அப்பிடியெண்டா போன இங்க தாங்க. இத்தா முடியிற வரைக்கும் என்ட கடையில வைக்கிறன். அந்த லொட்ஜ் வேலையும் வாணாம். இல்லாட்டி எங்கட வீட்டுக்கு வாங்க, உம்மாட கண்ணுக்கு முன்னால இருந்துட்டு வாங்க. பிறகு ஊர் கதைக்காது."

கேட்க வந்தது கேள்வி அல்ல, போன்தான் என்பது அப்போது விளங்கியது. போன் போனால் விடுதி வேலை போகும். வேலை போனால் அடுத்த மாதம் அவள் கையேந்த வேண்டியது அந்தத் தம்பிக்காரரிடம்தான். அவர் அப்படித் திட்டமிட்டார் என்று நான் சொல்லவில்லை. திட்டமிடாமலே சிலரிடம் எல்லாம் போய்ச் சேரும்.

"இது என்ட வாப்பா எனக்கு எழுதித் தந்த வீடு," என்றாள் தங்கை. "மாப்பிள்ளை வந்து இருந்த வீடு. இத்தாவ இதுலதான் இரிக்கணும் எண்டு பள்ளி ஹஸரத் சொன்னாரு. வீட்ட விட்டு வெளிய போனயா எண்டு கேக்க வந்து, வீட்ட விட்டு வெளிய வா எண்டு கூப்பிடுறீங்க."

ட்ரஸ்டி மெதுவாகக் குனிந்து முக்காலியில் இருந்த போனை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு தன் சட்டைப் பையைத் தொட்டார். அங்கே அவருடைய போன் இருந்தது.

"தம்பி, இதுல எத்தன பேருட பொட்டு ஒனக்குத் தெரியும்?"

"எங்கட குடும்பம் மட்டும்தான் மாமா."

"என்ட போனையும் நீதானே சரிபண்ணித் தந்த? எங்கட வீட்டுப் பொம்புளையளுட போனையும்."

"அதுல நான் ஒண்டும் போடல்ல மாமா."

"போட்டயா இல்லயா எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அல்லாஹ்மேல ஆணையா போடல்ல!"

"பாரு," என்றார் ட்ரஸ்டி. "ஒனக்கிட்ட ஒரு கேள்வி கேட்ட ஒடனே சத்தியம் பண்ணுற. எவ்வளவு சூடு வருது ஒனக்கு."

அவர் எழுந்தார். நியாயவான் ஆகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "என்னெண்டாலும் கொஞ்சம் கவனமா இரிங்க மகள், ஊர் வாய்," என்று தங்கைக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டுத்தான் போனார். போகும்போது தம்பிக்காரரின் மோட்டார் சைக்கிளில் ஏறவில்லை. நடந்தே போனார். கையில் தன் போனை, கடிக்கும் பொருளைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார்.

அவர்கள் போனதும் நான் தங்கையோடு சண்டை பிடித்தேன்.

"ஒரு வார்த்தையில முடிச்சிருக்கலாம். ஏன் என்னத் தடுத்த?"

"நீங்க சொன்னா அவங்க நம்புவாங்க நானா. என்ன இல்ல, உங்கள. நான் இரிக்கக்குள்ளயே எனக்கு ஒரு ஆம்புளச் சாட்சி. நாளைக்கு நீங்க இல்லாத நேரம் யாரு வந்து சொல்லுவா?"

"உண்மையச் சொல்றதுல என்னா பிழை?"

"அந்த உண்மை என்ட சாமான். கேக்கிறவனுக்கெல்லாம் பிச்சுத் தின்னக் குடுக்க அது பாணா?"

நான் நிறைய வாசிக்கிறவன். சட்டம், வரலாறு, பயணக் கட்டுரைகள், கையில் கிடைத்தது எல்லாம். ஆனாலும் அன்று எனக்கு விளங்காமல் போன ஒன்று, வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் விளங்கியது. எங்கள் பிள்ளைகளுக்கு மத்ரஸாவில் முதல் பாடங்களில் ஒன்றாகச் சொல்லிக் கொடுப்பது, அடுத்தவர் வீட்டு வாசலில் எப்படி நிற்க வேண்டும் என்பது. ஸலாம் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் இன்னொரு தடவை. அதற்கும் வராவிட்டால் மூன்றாம் தடவை. பிறகும் வராவிட்டால் திரும்பிப் போக வேண்டும், மனதில் கோபம் இல்லாமல். உள்ளே ஆள் இருந்தும் பதில் சொல்லாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு, ஏன் என்று வெளியே நிற்பவர் விசாரிக்கக் கூடாது. வாசலுக்கு நேரே நின்று உள்ளே பார்க்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கச் சொல்லியும் கொடுப்பார்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் இதே முறை. நேற்று உள்ளே விட்டார்கள் என்பதற்காக இன்று நேராக நுழைய முடியாது.

அந்தச் செயலி எங்கள் வீட்டு வாசலில் ஒரே ஒரு முறைதான் கேட்டது. பதில் சொன்னவரும் வீட்டுக்காரர் அல்ல. அதன் பிறகு 'எப்போதும்'. சுகத்திலும் துக்கத்திலும், பெருநாளிலும் இத்தாவிலும், எப்போதும். அந்த ஒரு சொல்லை யார் யாருக்காகச் சொன்னார்கள் என்று எந்தக் கொம்பியூட்டரும் திரும்பக் கேட்கவில்லை. துருவித் துருவி ஆராய வேண்டாம் என்று மார்க்கம் தடுத்ததை, பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கும் போகிறோம்.

ஆகவே இங்கேயும் சொல்லிவிடுகிறேன். அந்த வியாழக்கிழமை அந்தப் போன் யாருடைய கையில் இருந்தது என்பதை இந்தக் கட்டுரையிலும் எழுதப் போவதில்லை. வாசகருக்கு அதை அறிய ஆசை இருக்கும். இருக்கட்டும். மேலே சொன்ன வழக்கத்தை வைத்து நீங்கள் ஒரு முடிவுக்கு வரலாம், அதற்கு எதிரான முடிவுக்கும் வரலாம். நான் எழுதினால் தங்கையின் நடத்தை நல்லது என்று நீங்கள் தீர்ப்புச் சொல்வீர்கள். தீர்ப்புச் சொல்ல உங்களை யார் அந்தக் கதிரையில் இருத்தினார்கள்? எங்கள் பகுதியில் நடந்தவற்றைத் திகதி பிசகாமல் குறித்து வைப்பதை ஒரு கடமையாகச் செய்து வருகிறவன் நான். இந்த ஓர் இடத்தை வெறுமையாக விடுகிறேன், வேண்டுமென்றே விடுகிறேன்.

மறுநாள் காலையில் தங்கை கூப்பிட்டு அனுப்பினாள். மெசினுக்குப் பக்கத்தில் கதிரை போட்டிருந்தாள்.

"இத எடுத்துடுவம் நானா. நான்தான் அமத்துவன். நீங்க பக்கத்துல இருந்து வாசிங்க."

இத்தனை நாள் ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கத் தேவை ஏற்படவில்லை. செயலியைத் திறந்ததும் குடும்பத்தவரின் படங்கள் வரிசையாக வந்தன. அதில் மச்சானும் இருந்தார். லொறிக்கு முன்னால் கைகட்டிக்கொண்டு நிற்கும் படம். அவருடைய போன் சார்ஜ் இல்லாமல் அலுமாரிக்குள் கிடக்கிறது. ஆனால் வரைபடத்தில் அவர் இன்னும் ஆஸ்பத்திரி வீதியில் நின்றார். கடைசியாகக் காணப்பட்ட இடம் என்று கீழே எழுதியிருந்தது. அன்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது போன் அவருடைய சட்டைப் பையில் இருந்திருக்கிறது, அங்கேயே சார்ஜ் தீர்ந்திருக்கிறது.

அவள் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கினாள். ஒவ்வொரு நாளும் அப்படித்தான் பார்த்திருக்கிறாள் என்பது அந்த விரலின் பழக்கத்தில் தெரிந்தது. செயலியின் குடும்பக் குழுவைவிட்டு விலகினால் இந்தப் படமும் போய்விடும். அதனால்தான் வைத்திருந்தாள். அது தன்னைப் பார்க்கிறது என்பதை அவள் மறந்திருந்தாள், அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தபடியால்.

"விலகினா மத்தவங்களுக்கு அறிவிப்புப் போகும் எண்டு போட்டிரிக்கி," என்று வாசித்தேன்.

"போகட்டும். நல்லாத் தெரியட்டும்."

ஆனால் விரல் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த ஆஸ்பத்திரி வீதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவரு இங்க இல்ல தானே நானா."

"இல்ல."

"இவரும் இந்தப் பொட்டுல இல்ல. நான் இவ்வளவு நாளும் தம்பி மாதிரித்தான் பாத்திரிக்கன்."

அமத்தினாள். உறுதியா என்று போன் கேட்டது. ஓம் என்று சொல்லி இன்னொரு தடவை அமத்தினாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள். நான் எழுந்து வாசலுக்குப் போனேன்.

செயலியை அழிப்பது வேறு, அது சேர்த்து வைத்ததை அழிப்பது வேறு என்று அந்த வாரம் கற்றுக்கொண்டேன். அந்த நிறுவனத்தின் தனியுரிமை அறிக்கை ஆங்கிலத்தில், காணி உறுதிப் பத்திரத்தைவிட நீளமாக இருந்தது. வரிவரியாக வாசித்தேன். எங்கள் இருப்பிடத்தை அவர்கள் 'பங்காளிகளோடு' பகிரலாமாம். யார் அந்தப் பங்காளிகள்? எங்கள் குடும்பத்தில் யார் யாருக்குப் பங்காளி என்று எனக்குத் தெரியும், இவர்களை எந்தக் கல்யாணத்திலும் கண்டதில்லை. தங்கையின் பெயரால், அவள் சொல்லச் சொல்ல, எல்லாவற்றையும் அழிக்கும்படி எழுதினேன். உங்கள் குடும்பத்தின் பாதுகாப்பே எங்கள் குறிக்கோள் என்று ஒரு பதில் வந்தது. திரும்ப எழுதினோம். ஏன் விலகுகிறீர்கள் என்று காரணம் கேட்டார்கள். "காரணம் சொல்ல மாட்டன் எண்டு எழுதுங்க," என்றாள் தங்கை. எழுதினேன். பல கடிதங்களுக்குப் பிறகு, கணக்கு நீக்கப்பட்டது என்ற ஒற்றை வரி வந்தது. உண்மையில் நீக்கினார்களா என்பது அல்லாஹ்வுக்கும் அவர்களுக்கும்தான் வெளிச்சம்.

என் சொந்தப் போனையும் திறந்து பார்த்தேன். டோர்ச் வெளிச்சம் தரும் செயலிக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிய வேண்டுமாம். இருட்டில் இருக்கிறேன் என்பது போதாதா? தொழுகை நேரம் காட்டும் செயலி என்னை எப்போதும் பின்தொடர அனுமதி வைத்திருந்தது. நான் படுத்திருக்கும் இடத்துக்கே நான்கு பள்ளிகளின் பாங்கு கேட்கும். இருப்பிட அனுமதியை எடுத்துவிட்டு, புத்தளம் என்று ஊரின் பெயரைப் பட்டியலில் நானே தெரிவு செய்தேன். நேரம் ஒரு நிமிடமும் பிசகவில்லை.

இதற்கெல்லாம் விலை இருந்தது. பதில் சொல்லாதவள் போயிருக்கத்தான் வேண்டும் என்று ஊரில் ஒரு பகுதி முடிவு செய்தது. உடுப்புத் தைக்கக் கொடுத்து வைத்திருந்த சிலர் துணியைத் திருப்பி வாங்கினார்கள். மச்சானின் தம்பி அந்த வீதியாலேயே வருவதில்லை. தங்கை ஒன்றுக்கும் மறுமொழி சொல்லவில்லை. மெசின் ஓடியது. விடுதியின் திரைகள் காற்றுக் காலத்துக்கு முன் போய்ச் சேர்ந்தன. அவர்கள் அடுத்த வேலையும் கொடுத்தார்கள்.

அந்த நாட்களில் ஒருநாள் முச்சக்கரவண்டி ஒன்று வந்து நின்றது. மச்சானின் உம்மா, தனியாக. மருமகளைக் கட்டிப்பிடித்து மகனை நினைத்து அழுது முடித்த பிறகு, கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"இதுல இரிக்கிறதயும் எடுத்துடு மகள். சின்னவள்ட வீட்டுக்குப் போனா, 'உம்மா அங்க ஏன் இவ்வளவு நேரம்' எண்டு அவன் கேக்கிறான். டொக்டரிட்டப் போனா ஏன் எனக்குச் சொல்லல்ல எண்டு கேக்கிறான். அவனப் பெத்தது நானா, என்னப் பெத்தது அவனா?"

தங்கை சிரித்தாள். இத்தா தொடங்கிய பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். போனைத் திருப்பி மாமியின் கையிலேயே கொடுத்தாள்.

"நீங்களே அமத்துங்க மாமி. எங்க எண்டு நான் காட்டுறன்."

அமத்தி முடித்த பிறகு மாமி குரலைத் தாழ்த்தினார். "அண்டைக்கு நீ போனயா மகள்?"

"சொல்ல மாட்டன் மாமி."

"சரி. சொல்லாத." தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சீனி கூடிவிட்டது என்று குறை சொல்லிவிட்டுப் போனார்.

இத்தா முடிந்து சில வாரங்கள் கழித்து, ஜும்ஆ தொழுதுவிட்டு வரும்போது தேத்தண்ணிக் கடையில் ட்ரஸ்டி கைகாட்டிக் கூப்பிட்டார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து போகும்வரை காத்திருந்தார்.

"கிளாக்கர், இப்ப எல்லாம் முடிஞ்சி போச்சி. எனக்கு மட்டும் சொல்லுங்க. அண்டைக்கு அந்தப் போன் யாருட கையில இருந்த? என்ட மனசுல கெடந்து அரிக்குது."

"உங்கட போன் இப்ப எங்க மாமா?"

"வீட்டுல. வெளிய போகக்குள்ள கொண்டு போறதில்ல." கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். "கதைய மாத்த வாணாம். 'அவ போகல்ல' எண்டு நீங்க ஒரு வார்த்த சொன்னா, நான் நாலு பேருக்கு எடுத்துச் சொல்லுவன். அவட பேருக்குத்தான் நல்லம்."

அவர் சொன்னது உண்மை. ஒரு வார்த்தை, ஒரு வெள்ளிக்கிழமை, அவருடைய வாய். திரும்பிப் போன துணிகள் எல்லாம் திரும்பி வரும். நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அவ பதில் சொல்ல மாட்டன் எண்டு சொல்லிட்டா மாமா. நான் சொன்னா அவட பதில நான் களவெடுத்த மாதிரி."

"அப்ப ஊர் சந்தேகப்படும்."

"படட்டும்."

"நானும் படுவன் கிளாக்கர்."

"நீங்களும் படுங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து வெயிலில் இறங்கினேன். பின்னால் அவர் இன்னொருவரிடம் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. சந்தேகம் அவர்களுடையது. அதைத் தீர்த்து வைப்பது எங்கள் வீட்டு வேலை அல்ல.